தி ஷைனிங்: நீங்கள் பார்த்தது எத்தனை நிமிடம்?

‘தி ஷைனிங்’ படத்தை யாராவது “செம படம்” என்றாலும் சரி, “அறுவை” என்றாலும் சரி, நான் எடுத்த எடுப்பில் வாதத்துக்குப் போவதில்லை. முதலில் ஒரு கேள்வி கேட்பேன். “நீங்க பார்த்தது எத்தனை நிமிஷம் ஓடுச்சு?” எதிரில் இருப்பவர் இவனுக்கு என்ன ஆச்சு என்கிற மாதிரி பார்ப்பார். பரவாயில்லை. இந்தப் படத்தைப் பொறுத்தவரை அது தெரியாமல் பேசுவதில் பிரயோஜனமே இல்லை.

1980 மே 23 அன்று அமெரிக்காவில் வெளியானபோது படத்தின் நீளம் 146 நிமிடம். வெளியான சில நாட்களிலேயே, கடைசியில் வரும் மருத்துவமனைக் காட்சி ஒன்றை எடுத்துவிடச் சொன்னார் இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக். தியேட்டர்களில் ஓடிக்கொண்டிருந்த பிரதிகளிலேயே கத்தரி விழுந்தது. 144 நிமிடம் ஆயிற்று. அதே ஆண்டின் பிற்பகுதியில் பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் படம் போகும்போது மேலும் சுமார் 25 நிமிடத்தை வெட்டி 119 நிமிடமாக்கினார். சென்சார் வெட்டவில்லை, விநியோகஸ்தரும் வெட்டவில்லை. எடுத்தவரே வெட்டினார். ஆக, அட்லாண்டிக் கடலுக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களும் அந்தப் பக்கம் இருந்தவர்களும் பல வருடங்கள் வேறு வேறு படத்தைப் பார்த்துவிட்டு ஒரே பெயரைச் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இது மட்டும் இல்லை. பைத்தியம் பிடித்த எழுத்தாளன் ஒரே வாக்கியத்தைக் கட்டுக்கட்டாக டைப் அடித்து வைத்திருப்பானே, அந்தத் தாள்களை இத்தாலி, ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின் நாடுகளுக்காக அந்தந்த மொழியில் தனியாக டைப் அடிக்க வைத்துத் தனியாகப் படம் பிடித்தார் குப்ரிக். வீடியோ கேசட்டிலும் ஆரம்பகால டிவிடியிலும் படம் பழைய டிவிக்கு ஏற்ற சதுரவாக்கில் வந்தது. தியேட்டரில் மறைக்கப்பட்ட மேல்பகுதி அதில் திறந்துகொண்டதால், முதல் காட்சியில் மலைப்பாதையைப் படம் பிடித்த ஹெலிகாப்டரின் விசிறி தலையை நீட்டியது. கேசட்டில் பார்த்தவன் “குப்ரிக் பெரிய பர்ஃபெக்‌ஷனிஸ்டுன்னு சொல்றீங்க, இது கூடவா தெரியல” என்று சிரித்தான். தியேட்டரில் பார்த்தவனுக்கு அவன் எதைப் பார்த்துச் சிரிக்கிறான் என்றே புரியவில்லை.

நான் முதலில் பார்த்தது இரண்டு விசிடி தட்டுகளில், கல்லூரி விடுதி அறையில். சின்ன வெர்ஷன். முதல் தட்டு முடிந்து இரண்டாவதைப் போடும் இடைவெளியில் டீ குடிக்கப் போன பையன்களில் பாதிப்பேர் திரும்பி வரவில்லை.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஜாக் டோரன்ஸ், முன்னாள் ஆசிரியர், எழுத்தாளர் ஆகும் ஆசையில் இருப்பவர். கொலராடோ மலையில் பனிக்காலம் முழுக்க மூடிக்கிடக்கும் ஓவர்லுக் என்ற பெரிய ஹோட்டலைக் காவல் காக்கும் வேலை கிடைக்கிறது. மனைவி வெண்டி, சின்னப் பையன் டேனி, மூன்றே பேர். பையனுக்கு நடந்ததும் நடக்கப்போவதும் கண்ணில் தெரியும் ஒரு சக்தி. இதற்கு முன் காவலுக்கு இருந்தவன் மனைவியையும் இரண்டு மகள்களையும் கோடாலியால் வெட்டிக் கொன்றவன் என்று இன்டர்வியூவிலேயே சொல்லிவிடுகிறார்கள். பனி விழுகிறது, பாதை அடைபடுகிறது, ஜாக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போகிறார். கதை என்று பார்த்தால் இவ்வளவுதான்.

டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்த சிலரில் ஒருவன், இப்போது நல்ல கட்டடக்கலை நிபுணன், அன்று சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. “மச்சி, பேய் எங்கடா? நல்லா கார்ப்பெட் போட்ட ஹோட்டல் ஒண்ணு இருக்கு. அதுல ஒரு பையன் சைக்கிள் ஓட்டுறான். அவ்வளவுதானே?” அவன் சொன்னதில் தப்பில்லை. சத்தமில்லாமல் பின்னாலேயே போகும் அந்தக் காமிராவை, ஸ்டெடிகாமைக் கண்டுபிடித்த காரெட் பிரௌனே வந்து இயக்கினார். தரையை ஒட்டி, பையனின் முச்சக்கர சைக்கிளுக்குப் பின்னால் மிதந்துபோகும். மரத்தரையில் சக்கரம் கடகடவென்று உருளும், கம்பளத்தில் ஏறியதும் சத்தம் செத்துப்போகும், மறுபடி மரம், மறுபடி கம்பளம். நல்ல ஸ்பீக்கர் உள்ள இடத்தில் இந்தச் சத்தம் வயிற்றைப் பிசையும். விடுதி கம்ப்யூட்டரோடு இலவசமாக வந்த ஸ்பீக்கரில் கேட்டால் அது வெறும் சைக்கிள்தான்.

1980-ல் அமெரிக்க விமர்சகர்கள் பலரும் கிட்டத்தட்ட என் நண்பன் கட்சிதான். வெரைட்டி பத்திரிகை, படத்துக்கு மூலமான ஸ்டீபன் கிங் நாவலில் இருந்த பயங்கரம் அத்தனையையும் குப்ரிக்கும் ஜாக்காக நடித்த நிக்கல்சனும் சேர்ந்து அழித்துவிட்டதாக எழுதியது. நியூயார்க்கரில் பாலின் கேலுக்கும் பிடிக்கவில்லை. ஆஸ்கருக்கு ஒரு பிரிவில்கூடப் பரிந்துரை வரவில்லை. அந்த வருடப் படங்களுக்காக முதன்முதலாக ஆரம்பிக்கப்பட்ட ராஸி விருதுகளில், ‘மோசமான இயக்குநர்’ பட்டியலில் குப்ரிக்கும் ‘மோசமான நடிகை’ பட்டியலில் வெண்டியாக நடித்த ஷெல்லி டுவாலும் இருந்தார்கள். இன்றைக்கோ சைட் அண்ட் சவுண்ட் பத்திரிகை 2022-ல் நடத்திய விமர்சகர் வாக்கெடுப்பில் எல்லாக் காலத்துக்குமான முதல் நூறு படங்களில் இது இருக்கிறது. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் முதல் தடவை பார்த்தபோது தனக்கே பிடிக்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். பிறகு இருபத்தைந்து தடவை பார்த்தாராம். 2018-ல் வந்த ‘ரெடி ப்ளேயர் ஒன்’ படத்தில் அந்த ஹோட்டலை அப்படியே திரும்ப உருவாக்கி அதற்குள் தன் பாத்திரங்களை ஓடவிட்டார்.

காலம் போகப்போக மதிப்பு கூடியது என்று இதை முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. பெரிய வெர்ஷனைப் பார்த்தபோது என் கருத்து மாறியது ஒரே ஒரு காட்சியால். சின்ன வெர்ஷனில் அந்தக் காட்சி கிடையாது.

ஹோட்டலுக்குப் போவதற்கு முன், போல்டர் நகரத்துக் குடியிருப்பில் நடக்கிறது. பாத்ரூம் கண்ணாடி முன்னால் நின்று தன் கற்பனை நண்பன் டோனியுடன் பேசிக்கொண்டிருந்த டேனி மயங்கி விழுந்துவிடுகிறான். ஒரு பெண் மருத்துவர் வந்து பார்க்கிறார். பையனுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வெளியறைக்கு வந்து வெண்டியிடம் உட்கார்ந்து பேசுகிறார். டோனி எப்போதிலிருந்து வருகிறான் என்று சாதாரணமாகத்தான் கேட்கிறார். நர்சரியில் சேர்த்த சமயம் என்கிறாள் வெண்டி. பள்ளிக்கூடம் பிடித்ததா? ஆரம்பத்தில் அவ்வளவாக இல்லை, அப்புறம் அடிபட்டுவிட்டது, கொஞ்ச நாள் அனுப்பவில்லை. எப்படி அடிபட்டது? தோள்பட்டை நழுவிவிட்டது. எப்படி?

இங்கேதான் வெண்டி சிரிக்கிறாள். அது சாதாரணமாக நடக்கிற விஷயம்தான், விபத்து என்கிறாள். கணவர் குடித்திருந்தார், மூன்று மணிநேரம் தாமதமாக வந்தார், மனநிலை சரியில்லை, பையன் அவருடைய காகிதங்களைக் கலைத்துப் போட்டிருந்தான், இழுத்துவிட்டார், பூங்காவில் பிள்ளையை நாம் கையைப் பிடித்து எத்தனை தடவை இழுப்போம், அந்த மாதிரிதான், அன்றைக்குக் கொஞ்சம் பலம் கூடிப்போச்சு. ஆனால் நல்லதே நடந்தது, இனி தொடமாட்டேன் என்று சொன்னார், தொடவில்லை, ஐந்து மாதமாகக் குடிக்கவில்லை. இவ்வளவையும் சொல்லி முடிக்கும்வரை அவள் கையில் சிகரெட். தட்ட மறந்த சாம்பல் நீளமாகத் தொங்குகிறது. மருத்துவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த முகத்தில் தெரிவதை வெண்டி பார்க்கிறாள், இன்னும் கொஞ்சம் சிரிக்கிறாள்.

பேய் இல்லை, ரத்தம் இல்லை, பின்னணி இசையில் அலறல் இல்லை. இரண்டு பெண்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள். படத்திலேயே எனக்கு அடிவயிறு கலங்கிய இடம் இதுதான். ஏனென்றால் இந்தச் சிரிப்பை நான் நேரில் பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். எதிர்வீட்டு அக்கா “பாத்ரூம்ல வழுக்கிட்டேன்” என்று சொல்லும்போது வரும் சிரிப்பு. “அவர் நல்லவருதான், அந்தச் சனியன் உள்ள போனாத்தான்” என்று சொல்லும்போது வரும் சிரிப்பு.

இந்தக் காட்சி இருக்கும் படத்தில், ஹோட்டலுக்குக் கார் கிளம்பும் முன்பே பார்வையாளனுக்குத் தெரிந்துவிடுகிறது, இந்த வீட்டில் பயப்பட வேண்டிய ஆள் யார் என்று. இந்தக் காட்சி இல்லாத படத்தில், கொஞ்சம் சிடுசிடுப்பான, ஆனால் நல்ல மனிதர் ஒருவரைப் பேய் ஹோட்டல் பிடித்துக்கொள்கிறது. முன்னது ஒரு குடும்பத்தின் கதை, பின்னது பேய்க் கதை. பேய்க் கதையாக எடுத்துக்கொண்டால் என் நண்பன் சொன்னதுதான் சரி. பேய் கம்மி.

இன்னொன்றும் இருக்கிறது, இதை ரசிகர்கள் பல வருடமாகக் கிளறிக்கொண்டிருக்கிறார்கள். படத்தின் நடுவில், யாரும் இல்லாத தங்க அறை மதுக்கூடத்தில் ஜாக் போய் உட்கார்கிறார். டேனியின் கழுத்தில் காயம் இருப்பதைப் பார்த்து, நீதான் செய்தாய் என்று வெண்டி கத்திவிட்டுப் போன உடனே. காலி அலமாரியில் திடீரென்று பாட்டில்கள், எதிரில் லாய்டு என்ற பார்மேன். ஜாக் புலம்புகிறார். பையனை நான் தொட்டதே இல்லை என்று ஆரம்பிக்கிறார். பிறகு, சரி, ஒரு தடவை காயப்படுத்தினேன், அது விபத்து. தசை ஒரு கணம் சொன்னபேச்சு கேட்கவில்லை, விநாடிக்கு இத்தனை அடி-பவுண்டு சக்தி கொஞ்சம் கூடிவிட்டது என்று இயற்பியல் வாத்தியார் மாதிரி விளக்குகிறார். மகனின் தோளைப் பிடுங்கியதற்கு அடி-பவுண்டு கணக்கு! இதை எழுதியவர்களை, குப்ரிக்கையும் அவருடன் திரைக்கதை எழுதிய நாவலாசிரியை டயேன் ஜான்சனையும், இந்த ஒரு வசனத்துக்காகவே கும்பிடலாம். அதே மூச்சில் அது நடந்து மூன்று வருடம் ஆகிறது என்றும் சொல்கிறார்.

மூன்று வருடமா? வெண்டி மருத்துவரிடம் சொன்ன கணக்குப்படி, அடிபட்ட பிறகு குடிப்பதில்லை, குடிக்காமல் ஐந்து மாதம். அப்படியானால் யார் சொல்வது உண்மை? சம்பவம் நடந்து மூன்று வருடம் என்றால், இடையில் இரண்டரை வருடம் அந்த வீட்டில் என்ன நடந்தது? வெண்டி அதை மருத்துவரிடமிருந்து மறைத்தாளா, தன்னிடமிருந்தே மறைத்தாளா? குப்ரிக் கவனிக்காமல் விட்ட பிழை என்று ஒரு கட்சி உண்டு. டைப் அடித்த தாள்களை நான்கு மொழியில் தனித்தனியாகப் படம் பிடித்த ஆள் இதைக் கவனிக்கவில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் பாருங்கள், சின்ன வெர்ஷன் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. கணக்கின் ஒரு பாதி அவர்களிடம் கிடையாது.

இந்தப் படத்தைப் பிடிக்காதவர்கள் வரிசையில் முதலிடம் நாவலாசிரியர் ஸ்டீபன் கிங்குக்கு. 1977-ல் வந்த நாவல். 1974-ல் கொலராடோவின் எஸ்டெஸ் பார்க்கில் இருக்கும் ஸ்டான்லி ஹோட்டலில், பனிக்காலத்துக்கு மூடப்போகிற நேரத்தில், 217-ம் எண் அறையில் மனைவியோடு தங்கியபோது பிறந்த கதை. (படத்தில் அது 237 ஆனது. வெளிப்புறக் காட்சிகளுக்குப் பயன்பட்ட ஓரிகன் மாநிலத்து டிம்பர்லைன் லாட்ஜ்காரர்கள், 217-ஐக் காட்டினால் அந்த அறையில் அப்புறம் ஒருவரும் தங்கமாட்டார்கள் என்று கேட்டுக்கொண்டதால். அவர்களிடம் 237 என்ற அறையே கிடையாது. இப்போது அங்கே எல்லோரும் விரும்பிக் கேட்பது 217-ஐத்தானாம். மனித ஜென்மமே ஜென்மம்.) படம் எஞ்சின் இல்லாத அழகான பெரிய கார் போன்றது என்பது கிங்கின் புகழ்பெற்ற குற்றச்சாட்டு. ஜாக் முதல் காட்சியிலேயே பைத்தியமாகத் தெரிகிறார், நல்லவன் கெட்டுப்போகும் சோகம் எங்கே என்று கேட்டார். வெண்டியை அலறுவதற்கும் அசடாக இருப்பதற்கும் மட்டுமே வைத்திருக்கிறார்கள், நான் எழுதிய பெண் இவள் இல்லை என்றார். பொறுக்கமாட்டாமல் 1997-ல் தானே திரைக்கதை எழுதி, அதே ஸ்டான்லி ஹோட்டலில் வைத்துத் தொலைக்காட்சித் தொடராக எடுக்க வைத்தார். நாவலுக்கு விசுவாசமான தொடர். பார்த்தவர்கள் அதிகம் பேசுவதில்லை, நானும் பேசவில்லை.

கிங்கின் கோபம் எனக்குப் புரிகிறது. அவர் பின்னாளில் ‘ஆன் ரைட்டிங்’ புத்தகத்தில் வெளிப்படையாகவே எழுதினார்: தான் அப்போது குடிக்கு அடிமை, ‘தி ஷைனிங்’ எழுதும்போது தன்னைப் பற்றித்தான் எழுதுகிறோம் என்பதே தனக்குத் தெரியாமல் இருந்தது என்று. நாவலில் ஜாக் கடைசியில் ஒரு கணம் அப்பாவாகத் திரும்பி வருகிறார், மகனை ஓடச் சொல்கிறார், கொதிகலன் வெடித்து ஹோட்டலோடு போகிறார். தன்னை எழுதிய மனிதர் தனக்கு ஒரு மன்னிப்பையும் எழுதி வைத்திருந்தார். குப்ரிக் அந்த மன்னிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டார். படத்தில் ஜாக் செடிச்சுவர்ப் புதிருக்குள் மகனைக் கோடாலியோடு துரத்தி, வழி தெரியாமல் பனியில் விறைத்துச் சாகிறார். நாவல் ஜாக்கின் நாற்காலியிலிருந்து எழுதப்பட்டது. படம் அந்தப் பெண் மருத்துவரின் நாற்காலியிலிருந்து எடுக்கப்பட்டது. அவருக்கு ஜாக்கின் மனப்போராட்டம் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. பையனின் தோள்பட்டை நழுவியிருக்கிறது, அது தெரிந்தால் போதும்.

நம்மூர்ப் பார்வையாளர்களுக்கு இந்த இடத்தில் கூடுதலாக ஒரு மனக்குறை. நாம் மனநோய்க் கொலைகாரப் படங்களை பிளாஷ்பேக்கோடு பார்த்துப் பழகியவர்கள். 1978-ல் ‘சிகப்பு ரோஜாக்கள்’, 1980-ல், அதாவது ‘தி ஷைனிங்’ வந்த அதே வருடம், பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’. இரண்டிலும் கொலைகாரனுக்கு ஒரு சிறுவயது உண்டு, அதில் ஒரு காயம் உண்டு, அதை நமக்குக் காட்டுவார்கள். காட்டியதும் நாம் “ச்சே, பாவம்டா” என்று ஒரு பெருமூச்சு விட்டு அடுத்த காட்சிக்குத் தயாராவோம். குப்ரிக் அந்தப் பெருமூச்சுக்கு இடமே கொடுப்பதில்லை. ஜாக்கின் அப்பா யார், ஜாக் ஏன் இப்படி, ஒன்றும் கிடையாது. நாவலில் அப்பா இருக்கிறார், அவரும் குடிகாரர், அவரும் அடிப்பவர். படத்தில் அதெல்லாம் போயாச்சு. “ஏன் பைத்தியம் பிடிச்சதுன்னே சொல்லலையே” என்று என்னிடம் குறைப்பட்டவர்கள் பலர். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. ஆனால் அந்த எதிர்பார்ப்போடு உட்கார்ந்தவருக்கு ஏமாற்றம் நியாயம்தான்.

ஷெல்லி டுவாலுக்கு வருகிறேன். என் அக்கா மகள், இருபத்து மூன்று வயது, போன தீபாவளிக்கு வந்திருந்தபோது பெரிய வெர்ஷனைச் சேர்ந்து பார்த்தோம். மருத்துவர் காட்சியில் நான் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மாடிப்படிக் காட்சி வந்தது. ஜாக் ஒவ்வொரு படியாக ஏறிவர, வெண்டி பேஸ்பால் மட்டையைக் காற்றில் வீசிக்கொண்டே, அழுதுகொண்டே பின்னால் ஏறுகிறாள். மட்டையைப் பிடிக்கக்கூடத் தெரியவில்லை.

“என்ன மாமா, இந்தம்மா இப்படி ஓவரா நடிக்குது” என்பாள் என்று நான் எதிர்பார்த்தேன். பெரும்பாலும் அதுதான் வரும்.

“இந்தம்மாவை எத்தனை தடவை இதை எடுக்க வெச்சாங்க மாமா?” என்றாள். “நிஜமாவே கை நடுங்குது பாருங்க.”

நிறையத் தடவை. குப்ரிக் டேக் வாங்குவதில் பேர்போனவர். இங்கிலாந்தில் எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவில் ஏறக்குறைய ஒரு வருடம் நடந்த படப்பிடிப்பு. குப்ரிக்கின் மகள் விவியன் எடுத்த படப்பிடிப்பு ஆவணப்படம் பிபிசியில் 1980-லேயே வந்தது. அதில் டுவால் முடி உதிர்வதைக் காட்டுவதும், குப்ரிக் எல்லோர் முன்னாலும் அவரிடம் எரிந்து விழுவதும் பதிவாகியிருக்கிறது. நாள் முழுக்க, மாதக்கணக்கில் அழுதுகொண்டே நடிப்பது எப்படி இருந்தது என்று டுவால் பிற்பாடு சொல்லியிருக்கிறார். அதே பேட்டியில் குப்ரிக் தன்னிடம் அன்பாக இருந்ததாகவும் சொன்னார். இந்த இரண்டாவது வாக்கியத்தை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். அவருக்காகக் கோபப்படும் அவசரத்தில் அவர் சொன்னதைக் கேட்காமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

2022-ல் ராஸி அமைப்பே அந்தப் பழைய பரிந்துரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. படப்பிடிப்பில் அவர் நடத்தப்பட்ட விதம் நடிப்பைப் பாதித்தது என்று காரணம் சொன்னார்கள். என் அக்கா மகள் இதைக் கேட்டு இன்னும் கோபமானாள். “அப்படின்னா நடிப்பு மோசம்தான், ஆனா பாவம், மன்னிச்சு விட்டோம்னு சொல்றாங்களா? நல்லா நடிச்சிருக்குன்னு சொல்ல வாய் வரலையா?” இதற்கு என்னிடம் பதில் இல்லை. 1977-ல் கான் விழாவில் ‘த்ரீ விமன்’ படத்துக்காகச் சிறந்த நடிகை விருது வாங்கியவர் டுவால். 2024 ஜூலையில் தன் 75-வது வயதில் இறந்தார். இரங்கல் குறிப்புகளில் பாதிக்குமேல் அந்த மாடிப்படிதான் இருந்தது.

வெண்டி அசடு என்பது கிங்கின் புகார். எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. ஹோட்டலில் வேலை என்று பார்த்தால் முழுக்க அவள்தான் செய்கிறாள். சமைக்கிறாள், கொதிகலனைக் கவனிக்கிறாள், ரேடியோவில் வனத்துறையைக் கூப்பிட்டு நிலவரம் கேட்கிறாள். அந்த வேலைக்குச் சம்பளம் வாங்குகிறவர் சுவரில் பந்தடித்துக்கொண்டிருக்கிறார். மட்டையால் அடித்துக் கணவனைச் சாய்த்து, இழுத்துக்கொண்டுபோய்க் களஞ்சிய அறையில் போட்டுப் பூட்டுகிறாள். கத்தியால் அவர் கையைக் கிழிக்கிறாள். மகனைப் பாத்ரூம் ஜன்னல் வழியாகப் பனிக்குள் இறக்கிவிடுகிறாள். அழுதுகொண்டே செய்கிறாள் என்பதால் அது வீரம் இல்லை என்றாகிவிடுமா? இந்தப் படத்தில் செய்ய வேண்டியதைச் செய்து முடித்து உயிரோடு வெளியே போகிற பெரியவர் அவள் ஒருத்திதான்.

அடுத்து, தாளைக் கிழித்துக் கணக்குப் போடும் கூட்டம். 2012-ல் ரோட்னி ஆஷர் ‘ரூம் 237’ என்று ஓர் ஆவணப்படம் எடுத்தார். முழுக்க முழுக்க ‘தி ஷைனிங்’ பார்வையாளர்களின் கருத்துகள் மட்டும். களஞ்சிய அறையில் இருக்கும் காலுமெட் பேக்கிங் பவுடர் டப்பாவில் செவ்விந்தியர் தலை இருப்பதால், இது அமெரிக்கப் பூர்வகுடிகளைக் கொன்றழித்ததைப் பற்றிய படம் என்கிறார் ஒருவர். டைப்ரைட்டர் ஜெர்மன் கம்பெனியுடையது, 42 என்ற எண் திரும்பத் திரும்ப வருகிறது, ஆகவே யூத இன அழிப்பு என்கிறார் இன்னொருவர். டேனி அப்பல்லோ 11 படம் போட்ட ஸ்வெட்டர் போட்டிருக்கிறான், எனவே நிலவில் இறங்கிய காட்சிகளைத் தான்தான் பொய்யாக எடுத்தேன் என்று குப்ரிக் ஒப்புக்கொள்கிறார் என்பது இன்னொன்று. குப்ரிக்கின் நெடுநாள் உதவியாளர் லியோன் விட்டாலி இந்த ஆவணப்படத்தைப் பார்த்துவிட்டு, இதில் பெரும்பாலானது அபத்தம் என்று சொன்னார்.

டப்பாவைக் கண்டுபிடித்தவர்களுக்கு உதவியது வீடியோவின் பாஸ் பட்டன். 1980-ல் தியேட்டரில் உட்கார்ந்தவருக்கு டப்பாவை நிறுத்திப் பார்க்க வழியில்லை. பட்டன் கைக்கு வந்ததும் படம் ஒரு ஜாதகக் கட்டம் ஆகிவிட்டது, ஆளாளுக்குப் பலன் சொல்ல ஆரம்பித்தார்கள். நான் நிலவுக் கட்சியைச் சிரித்துக்கொண்டு கடந்துவிடுவேன். பூர்வகுடிக் கட்சியை அப்படிக் கடக்க முடியவில்லை. பழங்குடிகளின் இடுகாட்டின்மேல் கட்டப்பட்ட ஹோட்டல் என்று மேனேஜர் வாயாலேயே சொல்கிறார். டப்பாவை நம்பிப் பேச வேண்டிய தேவையே இல்லை.

பாஸ் பட்டனால் கிடைத்த ஒரே நல்ல விஷயம் என்று நான் நினைப்பது ஜன்னல். மேனேஜர் உல்மன் அறையில், இன்டர்வியூ காட்சியில், அவர் பின்னால் வெளிச்சமான ஒரு ஜன்னல் இருக்கும். அந்த அறையைச் சுற்றி நடைபாதை போவது வேறு காட்சிகளில் தெளிவாகத் தெரிகிறது. அங்கே ஜன்னல் இருக்க வாய்ப்பே இல்லை. இதை என் கட்டடக்கலை நண்பனுக்குச் சொன்னேன். விடுதியில் பேய் எங்கே என்று கேட்ட அதே ஆள். மறுநாள் காலை போன். “மச்சி, ராத்திரி உட்கார்ந்து பிளான் வரஞ்சு பார்த்தேன்டா. அந்த ஹோட்டலைக் கட்டவே முடியாது. காரிடார் எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு போகுது.” அவனுக்குப் பயம் வந்துவிட்டது! ரத்தம் கொட்டும் லிஃப்டைப் பார்த்துக் கொட்டாவி விட்டவன், தப்பான ஜன்னலைப் பார்த்துத் தூக்கம் கெட்டான்.

பிடிக்காதவர்கள் சொல்வதில் நான் ஒத்துக்கொள்பவையும் இருக்கின்றன. நிக்கல்சன் புருவத்தை ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் அதிகமாகத்தான் தூக்குகிறார். கிங் சொன்ன அந்த ஒரு புகாரில் நியாயம் இருக்கிறது, ஹோட்டலுக்குப் போகும் காரில் பின்சீட்டுப் பையனிடம் பேசும் தொனியே சரியில்லை. அப்புறம் ஸ்கேட்மன் க்ரோதர்ஸ் நடித்த சமையல்காரர் ஹலரன். ஃப்ளோரிடாவிலிருந்து விமானம் பிடித்து, கார் பிடித்து, பனிவண்டி பிடித்து, படத்தின் கால்வாசியைப் பயணத்திலேயே கழித்து வந்து சேருகிறார், வந்த வேகத்தில் மார்பில் கோடாலி. நாவலில் அவர் பிழைத்துத் தாயையும் பிள்ளையையும் காப்பாற்றுகிறார். அந்த முழுக் கதையிலும் டேனியிடம் சமமாகப் பேசிய ஒரே பெரியவரை, ஒரு கறுப்பின மனிதரை, அதிர்ச்சிக்காகப் பலி கொடுத்ததை என்னால் ரசிக்க முடியவில்லை. க்ரோதர்ஸுக்கு இந்தப் படத்துக்காக சாட்டர்ன் விருது கிடைத்தது என்பது ஓர் ஆறுதல். பெரிய வெர்ஷனில் கடைசியில் ஹோட்டல் முகப்பறை முழுக்க ஒட்டடை படிந்த எலும்புக்கூடுகளை வெண்டி பார்ப்பாள். பொருட்காட்சி பேய்வீடு ரகம். சின்ன வெர்ஷனில் அது கிடையாது, அந்த ஓர் இடத்தில் 119 நிமிடக்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள்.

அந்த முதல் சில நாட்களில் மட்டும் ஓடிய மருத்துவமனைக் காட்சியைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். உல்மன் வந்து வெண்டியைப் பார்க்கிறார், உங்கள் கணவரின் உடல் கிடைக்கவில்லை என்கிறார், போகும்போது டேனியிடம், ஜாக் சுவரில் அடித்துக்கொண்டிருந்தது போன்ற ஒரு பந்தை வீசிவிட்டுப் போகிறார். அதாவது மேனேஜருக்கும் எல்லாம் தெரியும். நல்லவேளை வெட்டினார்கள். அது இருந்தால் கடைசி ஃபோட்டோ, 1921 ஜூலை 4 விருந்தில் ஜாக் முன்வரிசையில் சிரித்துக்கொண்டு நிற்பது, ஒரு சதிக் கதையின் முடிச்சு ஆகியிருக்கும். இப்போது அது யாருக்கும் விளங்காமல் நிற்கிறது. ராஜர் ஈபர்ட் 2006-ல் இந்தப் படத்தைத் தன் மகத்தான படங்கள் வரிசையில் சேர்த்தபோது எழுப்பிய கேள்வியும் அதுதான்: இதில் யார் கண்ணால் பார்த்ததை நாம் நம்புவது?

அக்கா மகளுக்கு அந்த ஃபோட்டோ பிடிக்கவில்லை. அவ்வளவு செய்தவனை ஏன் கடைசியில் சிரிக்கவிட்டு முடிக்கிறார்கள் என்கிறாள். அவன் செத்ததும் படம் முடிந்துவிட்டது, மீதி சும்மா என்பது அவள் தீர்ப்பு. இன்னும் சண்டை முடியவில்லை. பொங்கலுக்கு வரும்போது ‘டாக்டர் ஸ்லீப்’ பார்ப்பதாக ஒப்பந்தம். டேனி பெரியவனாகி, அவனும் குடிக்கு அடிமையாகித் திரும்பும் கதை, 2019-ல் மைக் ஃபிளனகன் எடுத்தது. அதைப் பார்த்த பிறகு பழைய படத்தின்மேல் இருந்த மனக்கசப்பு தீர்ந்தது என்று ஸ்டீபன் கிங்கே சொல்லியிருக்கிறார். கிங்குக்குப் பிடித்துவிட்டது என்பதுதான் எனக்குக் கொஞ்சம் உதறலாக இருக்கிறது. அது 152 நிமிடம். அதற்கும் இயக்குநரே வெளியிட்ட மூன்று மணிநேர வெர்ஷன் ஒன்று இருக்கிறதாம். எதைப் போடுவது என்று இப்போதே ஆரம்பித்துவிட்டாள்.